கையெழுத்து இருக்கிறது, சம்மதம் இருந்ததா? சான் டியேகோ வழக்கும் ஜப்பானியச் சட்டமும்

சட்டப்பித்தன் (இழையைத் தொடங்கியவர்)

வயதுவந்தோருக்கான படத் தொழிலைப் பற்றி நம்மிடையே பேச்சு எழுந்தால் அது பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. ஒருவர் அதை ஒழிக்க வேண்டும் என்பார். மற்றவர் வயது வந்தவர்கள் விரும்பிச் செய்வதில் தலையிட நாம் யார் என்பார். அந்த "விரும்பி" என்பதை யார், எப்போது, எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்று இருவருமே கேட்பதில்லை. அந்தக் கேள்வியை மட்டும் இந்த இழையில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். படம் பார்ப்பது நல்லதா கெட்டதா என்ற விவாதத்தைத் தயவுசெய்து இங்கே கொண்டுவர வேண்டாம்.

கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரிலிருந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் இயங்கிய 'கேர்ள்ஸ் டூ போர்ன்' என்ற இணையதளத்தின் வழக்கிலிருந்து தொடங்குகிறேன். அதை நடத்தியவர் நியூசிலாந்தைச் சேர்ந்த மைக்கேல் பிராட். கிரெய்க்ஸ்லிஸ்ட் போன்ற தளங்களில் மாடலிங் வேலை என்று விளம்பரம் வரும். ஆடையுடன் எடுக்கும் புகைப்படங்கள் என்றே பெண்கள் நினைத்து விண்ணப்பிப்பார்கள். பெரும்பாலோர் 18 வயதைக் கடந்து ஓரிரு ஆண்டுகளே ஆன மாணவிகள், கல்விக் கடன் உள்ளவர்கள். பேச்சு வளர்ந்த பிறகுதான் இது பாலியல் காணொளி என்று தெரியவரும். தயங்குபவர்களிடம், படம் இணையத்தில் ஒருபோதும் வராது, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற தொலைதூர நாடுகளில் டிவிடியாக மட்டும் விற்கப்படும், பெயர் வெளியே வராது என்று உறுதியளிப்பார்கள். நம்பிக்கை வராதவர்களுக்கு, "நானும் நடித்தேன், எந்தத் தொந்தரவும் இல்லை" என்று சொல்ல வேறு சில பெண்களைத் தொலைபேசியில் பேச வைப்பார்கள். அப்படிப் பேசியவர்கள் அதற்காகக் கூலி வாங்கியவர்கள்.

விமானச் சீட்டு வாங்கிக் கொடுத்து விடுதி அறைக்கு வரவழைத்த பிறகு, படப்பிடிப்புக்குச் சற்று முன்னால், சட்ட மொழியில் எழுதப்பட்ட தாள்களை நீட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். தாளில் அந்த இணையதளத்தின் பெயர் இருக்காது. கேள்விப்படாத நிறுவனப் பெயர்களே இருக்கும். படித்துப் பார்க்க அவகாசமும் தர மாட்டார்கள். பிறகு படம் நேராக இணையத்துக்குப் போகும். அதன் துண்டுகள் விளம்பரமாக இலவசத் தளங்களிலும் பரவும். பெயரும் ஊரும் வெளியே வந்து, காணொளி பெற்றோருக்கும் வகுப்புத் தோழர்களுக்கும் அனுப்பப்பட்டு, படிப்பையும் வேலையையும் விட்டு ஒதுங்கியவர்கள் பலர்.

2016-இல் தொடங்கிய உரிமையியல் வழக்கில் இறுதியாக 22 பெண்கள் வாதிகளாக நின்றார்கள். 2020 ஜனவரி 2 அன்று நீதிபதி கெவின் என்ரைட், ஏறத்தாழ 1 கோடியே 27 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கினார். அந்த ஒப்பந்தங்கள் செல்லாது என்றும், காணொளிகளின் உரிமை அந்தப் பெண்களுக்கே சேரும் என்றும் தீர்ப்பளித்தார். கூட்டாட்சி அரசு தனியே குற்ற வழக்கும் தொடுத்தது. ஆள் சேர்த்தவரும் படங்களில் நடித்தவருமான ரூபன் கார்சியாவுக்கு 2021-இல் 20 ஆண்டுச் சிறை. தப்பியோடிய பிராட், எஃப்பிஐயின் மிகவும் தேடப்படும் பத்துப் பேர் பட்டியலில் இடம்பெற்று, 2022 டிசம்பரில் மாட்ரிட்டில் பிடிபட்டு, 2025-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 27 ஆண்டுத் தண்டனை பெற்றார்.

என் கேள்வி இதுதான். அந்தப் பெண்களுக்கு வயது 18 ஆகியிருந்தது, அடையாள அட்டை சரிபார்க்கப்பட்டது, கையெழுத்தும் உண்மையானது. ஒரு தணிக்கையாளர் கோப்பைப் புரட்டிப் பார்த்திருந்தால் எல்லாம் ஒழுங்காகவே இருந்திருக்கும். அப்படியானால் அந்தக் கோப்பு எதைக் காட்டியது, எதைக் காட்டத் தவறியது?

மாற்றுக்கருத்தன்

வழக்கைத் தெளிவாகச் சொன்னீர்கள். ஆனால் இதிலிருந்து பொதுவான முடிவுகளை எடுப்பதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது ஏமாற்று வழக்கு. டிவிடி என்று சொல்லி இணையத்தில் ஏற்றியது, சொந்த வீடு என்று சொல்லிப் புறம்போக்கு நிலத்தை விற்பதைப் போன்ற பச்சை மோசடி. அதற்கு ஏற்கெனவே சட்டம் இருந்தது; அது வேலையும் செய்தது; குற்றவாளி சிறையில் இருக்கிறார். இதை வைத்துக்கொண்டு தொழிலில் உள்ள எல்லா ஒப்பந்தங்களையும் சந்தேகிப்பது நியாயமா?

வயது வந்த ஒருவர் கடன் வாங்கலாம், ராணுவத்தில் சேரலாம், அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்திடலாம். பின்னால் அவற்றுக்காக வருந்துபவர்களும் உண்டு. இந்த ஒரு தொழிலில் மட்டும் "நீ அன்று சொன்ன சம்மதம் உண்மையான சம்மதம் அல்ல" என்று வெளியிலிருந்து ஒருவர் சொல்லத் தொடங்கினால், அந்தப் பெண்ணைத் தன் முடிவைத் தானே எடுக்கத் தெரியாத சிறுமியாக நடத்துகிறோம் என்பதே என் கருத்து. இந்தத் தொழிலில் தெரிந்தே, கணக்குப் போட்டு, தன் விருப்பத்துடன் இருப்பவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய சொல்லுக்கு மதிப்பில்லையா?

செங்காந்தள்

மாற்றுக்கருத்தன் அவர்களுக்கு: சட்டம் வேலை செய்தது என்கிறீர்கள். எவ்வளவு காலத்துக்குப் பிறகு? 2016-இல் வழக்குத் தொடுத்தவர்களுக்கு 2020-இல்தான் தீர்ப்பு. அந்த ஆண்டுகளில் பெரும்பகுதியும் தளம் இயங்கிக்கொண்டே இருந்தது, புதிய பெண்கள் அதே விடுதி அறைகளுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். 22 பேர் சேர்ந்து நின்றதால்தான் அந்த ஏமாற்று ஒரு வழக்கமான முறை என்று காட்ட முடிந்தது. ஒருத்தி மட்டும் போயிருந்தால், "வாய்மொழியாக என்ன சொன்னார்கள் என்பதற்கு என்ன சாட்சி? இதோ உன் கையெழுத்து" என்ற ஒரு வரியில் அவளைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். நிலத்தை ஏமாந்தவர் நிலத்தைத் திரும்பப் பெறலாம். பரவிவிட்ட காணொளியை எந்த நீதிமன்றத்தாலும் முழுவதுமாகத் திரும்ப வாங்கித்தர முடியாது. ஆகவே, தவறு நடந்த பிறகு தண்டிக்கும் சட்டம் போதும் என்ற வாதம் இந்தத் தொழிலில் நிற்காது.

கோப்பு எதைக் காட்டியது என்ற கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் தயாரிப்பாளர்கள் வைத்திருக்க வேண்டிய ஆவணங்களைக் குறிப்பிடும் கூட்டாட்சிச் சட்டப் பிரிவு 2257 என்று ஒன்று உண்டு. 1986-இல் அப்போது புகழின் உச்சியில் இருந்த ஒரு நடிகை தம் படங்களில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் 18 வயது நிரம்பாதவராக இருந்தார் என்று தெரியவந்து, தொழிலே ஆடிப்போனது. 1988-இல் இந்தச் சட்டம் வந்தது. அதன்படி தயாரிப்பாளர் ஒவ்வொரு நடிகரின் பெயர், பிறந்த தேதி, அடையாளச் சான்று ஆகியவற்றைப் பாதுகாத்து வைக்க வேண்டும். முக்கியமான காரணத்துக்காக வந்த சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது கேட்பது வயதை மட்டுமே. அவர் எதற்கு ஒப்புக்கொண்டார், எங்கே வெளியாகும் என்று அவரிடம் சொல்லப்பட்டது, வேண்டாம் என்று சொல்ல அவருக்கு அவகாசம் இருந்ததா என்பதெல்லாம் அந்தக் கோப்பின் வேலை அல்ல. கோப்பு சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று தொழிலும் அரசும் பல்லாண்டுகளாக நடந்துகொண்டதில்தான் பிராட் போன்றவர்களுக்கு இடம் கிடைத்தது.

ஒரே கையெழுத்துக்குள் இரண்டு வேறு சம்மதங்கள் அடைக்கப்படுகின்றன என்றும் நினைக்கிறேன். ஒன்று, படப்பிடிப்புத் தளத்தில் இன்ன நபருடன் இன்ன செயலுக்கு உடன்படுவது. அது அந்த நேரத்துக்கு மட்டும் உரியது, எந்த நொடியிலும் நிறுத்தக்கூடியது. மற்றொன்று, அதன் பதிவை உலகம் முழுவதும் காலவரையறையின்றி விற்பதற்கு உடன்படுவது. முதலாவதைப் பற்றித் தொழிலுக்குள்ளேயே இப்போது ஓரளவு நல்ல பழக்கங்கள் வந்திருக்கின்றன: எதற்கு உடன்பாடு, எதற்கு இல்லை, எதை அந்த நேரத்தில் கேட்டுக்கொண்டு செய்யலாம் என்று நடிகர்கள் முன்கூட்டியே பட்டியலிட்டுக் கொடுப்பது, நிறுத்தச் சொல்லும் சொல்லை எல்லாரும் தெரிந்து வைத்திருப்பது, படப்பிடிப்புக்கு முன்பும் பின்பும் பேட்டி எடுத்துப் பதிவு செய்வது. இவை எல்லா இடங்களிலும் நடக்கின்றன என்று சொல்ல வரவில்லை. கூலி முழுவதும் படப்பிடிப்பு முடிந்த பிறகே கையில் வரும் என்னும்போது, பாதியில் நிறுத்துவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆனாலும் அங்கே பேச்சாவது தொடங்கியிருக்கிறது. இரண்டாவதைப் பற்றி அமெரிக்கத் தொழில் வாயே திறப்பதில்லை.

ஒசாகாவில் ஒருவன்

செங்காந்தள் சொல்லும் அந்த இரண்டாவது சம்மதத்தைச் சட்டமாக எழுதிப் பார்த்த நாடு ஜப்பான். இங்கே சில ஆண்டுகளாக வசிப்பவன் என்ற முறையில், நாளிதழ்களில் தொடர்ந்து படித்ததைச் சொல்கிறேன்.

ஜப்பானில் வயதுவந்தோர் படம் சட்டத்துக்கு உட்பட்ட பெரிய தொழில். தெருவில் நிற்கும் இளம்பெண்களை "மாடலிங் செய்கிறீர்களா?" என்று கேட்டு முகவர் நிறுவனங்களுக்கு அழைத்துச் செல்லும் ஆட்கள் டோக்கியோவின் ஷிபுயா, ஷின்ஜுகு பகுதிகளில் நீண்ட காலம் இயங்கினார்கள். கையெழுத்தானதும் "மறுத்தால் அபராதம்" என்ற மிரட்டல் வரும். அது வெறும் மிரட்டலாக நிற்கவில்லை என்பதை 2015-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு காட்டியது. ஓர் இளம்பெண் நடிக்க மறுத்ததற்காக, முகவர் நிறுவனம் அவரிடம் சுமார் 2 கோடியே 46 லட்சம் யென் கேட்டு வழக்குப் போட்டது. ஒருவரின் விருப்பத்துக்கு மாறாக இத்தகைய வேலையைச் செய்ய வைக்க முடியாது என்று கூறி நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. அடுத்த ஆண்டு ஒரு மனித உரிமை அமைப்பு இதைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது. அதன் பிறகே அரசு அசைந்தது, தொழிலும் தனக்கென ஒரு நெறிமுறை அமைப்பை உருவாக்கிக்கொண்டது.

சட்டம் வந்ததற்கு உடனடிக் காரணம் வேறு. 2022 ஏப்ரல் 1 முதல் வயதுவந்தோராகக் கருதப்படும் வயது 20-இலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதுவரை 18, 19 வயதில் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் போட்ட ஒப்பந்தத்தைப் பிறகு ரத்து செய்துகொள்ளலாம். அந்த ஒரு பாதுகாப்பும் ஒரே நாளில் போய்விட்டது. அதை ஈடுசெய்யத் தொடங்கிய முயற்சி, எல்லா வயதினருக்கும் பொருந்தும் சட்டமாக ஜூன் மாதம் நிறைவேறியது.

அதன் சாரம்: ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனி எழுத்து ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்த ஆவணத்தைக் கொடுத்து ஒரு மாதம் கழியும் வரை படமெடுக்கக் கூடாது. படமெடுத்து முடித்து நான்கு மாதம் கழியும் வரை வெளியிடக் கூடாது. வெளியான பிறகும் ஓராண்டு வரை, எந்தக் காரணமும் சொல்லாமல் நடிகர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். சட்டம் வந்த முதல் இரண்டு ஆண்டுகளில் செய்த ஒப்பந்தங்களுக்கு அந்தக் காலம் இரண்டு ஆண்டுகள். முறித்தால் விற்பனையை நிறுத்தக் கோரலாம். அதற்காக நடிகரிடம் நட்டஈடு கேட்க முடியாது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், படப்பிடிப்புத் தளத்தில் ஒரு செயலுக்கு மறுக்கும் உரிமை உண்டு. முறிப்பதைத் தடுக்கப் பொய் சொன்னாலோ மிரட்டினாலோ மூன்றாண்டு வரை சிறை.

இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் நடிகரின் மனத்துக்குள் புகுந்து பார்க்க முயலவில்லை என்பதைக் கவனியுங்கள். உண்மையான விருப்பமா, வறுமையா, ஆசை வார்த்தையா என்று அளக்கும் கருவி எவரிடமும் இல்லை. விடுதி அறையில் தாளை நீட்டிப் பத்து நிமிடத்தில் கேமராவை ஓடவிடும் முறை சட்டத்துக்குப் புறம்பாகும்படி, கால இடைவெளியை மட்டும் கட்டாயமாக்கினார்கள். சான் டியேகோ முறைக்கு ஆதாரமே அவசரம்தான். ஒரு மாதம் அந்தத் தாள் ஒரு பெண்ணின் கையில் இருந்திருந்தால், நிறுவனப் பெயரைத் தேடிப் பார்த்திருப்பார், தோழியிடம் காட்டியிருப்பார்.

மாற்றுக்கருத்தன்

அந்தச் சட்டத்தை எதிர்த்து வீதியில் இறங்கியவர்களே நடிகைகள்தான் என்று படித்தேனே. அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே, ஐயா.

ஒசாகாவில் ஒருவன்

சொல்ல வேண்டியதுதான். சட்டம் வந்த வேகத்தில், தொழிலில் இருப்பவர்களை அழைத்து முறையாகக் கேட்கவில்லை என்ற குற்றச்சாட்டு வலுவாக எழுந்தது; அதில் நியாயமும் உண்டு. திருத்தம் கோரி நடிகைகளும் நடிகர்களும் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள், கூட்டங்கள் போட்டார்கள். அவர்களுடைய வாதத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி வரும். பத்தாண்டுகள் இந்தத் தொழிலில் இருக்கும் ஒருவரையும் நேற்று வந்த 18 வயதுப் பெண்ணையும் ஒரே தட்டில் வைக்கிறது சட்டம். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், முன்பு அன்றே வேறொருவரை அழைப்பார்கள். இப்போது ஒரு மாதம் காத்திருக்க வேண்டியிருப்பதால் அந்த வேலையே போய்விடுகிறது. படம் நின்றுவிடும் ஆபத்தைத் தவிர்க்க, தயாரிப்பாளர்கள் ஏற்கெனவே பெயர் பெற்றவர்களையே அழைக்கிறார்கள். சிறிய வேடங்களில் நடிப்பவர்களுக்கும் புதியவர்களுக்கும் வருமானம் குறைகிறது. விதிகளைப் பின்பற்றும் நிறுவனங்கள் சுருங்க, விதியே பார்க்காமல் தனியாக எடுத்து விற்பவர்கள் பக்கம் ஆட்கள் நகர்கிறார்கள்.

கடைசி வாதம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பாதுகாப்பை நோக்கமாகக் கொண்ட சட்டம், பாதுகாப்பு குறைந்த மூலைக்கு ஆட்களைத் தள்ளினால், அதை அந்தச் சட்டத்தின் கணக்கில்தான் எழுத வேண்டும். ஆனால் இதை வைத்துச் சட்டமே வேண்டாம் என்று முடிவுகட்டவும் என்னால் முடியவில்லை. எதிர்த்தவர்களில் பலர் கேட்டது காத்திருப்புக் காலத்தை அனுபவத்துக்கு ஏற்பக் குறைப்பதையும் சட்டத் திருத்தத்தில் தங்களுக்கும் ஓர் இருக்கை தருவதையும்தான். தெரு முகவர்களின் பழைய காலம் திரும்ப வேண்டும் என்று எவரும் கேட்டதாக நான் படிக்கவில்லை. முதல் சில படங்களுக்கு முழுக் காத்திருப்பு, பிறகு குறைந்த காத்திருப்பு, முறிக்கும் உரிமை எல்லாருக்கும் எப்போதும் என்று வைத்தால் என்ன என்பது என் எண்ணம்.

கணக்கப்பிள்ளை

சட்டமன்றமும் நீதிமன்றமும் செய்ததைவிட வேகமாக ஒரு தரப்பு இந்தத் தொழிலை மாற்றியது. பணம் செலுத்தும் அட்டை நிறுவனங்களைச் சொல்கிறேன். மின்னணுப் பணப் பரிமாற்றத் துறையில் வேலை பார்ப்பவன் என்பதால் இந்தப் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன்.

2020 டிசம்பர் தொடக்கத்தில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில், யார் வேண்டுமானாலும் பாலியல் காணொளிகளை ஏற்றக்கூடியதாக இருந்த போர்ன்ஹப் தளத்தில் சிறார்களின் காணொளிகளும் சம்மதமற்ற காணொளிகளும் கிடப்பதைப் பற்றி நிக்கலஸ் கிறிஸ்டாஃப் எழுதிய கட்டுரை வெளிவந்தது. சில நாள்களிலேயே விசாவும் மாஸ்டர்கார்டும் அந்தத் தளத்துக்கான சேவையை நிறுத்தின. தளமோ, ஏற்றியவர் யார் என்று சரிபார்க்கப்படாத காணொளிகளை எல்லாம் மொத்தமாக விலக்கியது. 1 கோடியே 30 லட்சத்துக்கு மேல் இருந்த எண்ணிக்கை 40 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. அதாவது, அங்கே இருந்தவற்றில் பெரும்பகுதியை யார் ஏற்றினார்கள் என்பதே அதுவரை அவர்களுக்கு நிச்சயமாகத் தெரியாது. சரிபார்ப்பு தேவை என்பதற்கு மற்ற எல்லா வாதங்களையும் விட இந்த ஒன்று போதும் என்று தோன்றும்.

2021 அக்டோபரில் மாஸ்டர்கார்டின் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. காணொளியை ஏற்றுபவர், அதில் தோன்றுபவர் ஆகிய அனைவரின் வயதும் அடையாளமும் ஆவணத்துடன் சரிபார்க்கப்பட வேண்டும். தோன்றுபவரின் சம்மதத்துக்குச் சான்று வேண்டும். வெளியிடும் முன் பரிசீலிக்க வேண்டும். புகார் வந்தால் ஏழு வேலை நாள்களுக்குள் தீர்க்க வேண்டும். வயதைத் தாண்டிச் சம்மதத்துக்கும் கோப்பு கேட்ட முதல் பெரிய விதி, என் பார்வையில், இதுதான். அதையும் கேட்டது அரசாங்கம் அல்ல, ஓர் அட்டை நிறுவனம்.

ஆனால் இதிலும் ஒரு முள் இருக்கிறது. சேவை நிறுத்தப்பட்ட அன்று, முறையாகச் சரிபார்க்கப்பட்டுத் தம் சொந்தப் படங்களை விற்றுப் பிழைத்தவர்களின் வருமானமும் சேர்ந்தே நின்றது. 2021 ஆகஸ்டில், தம் சொந்தப் படங்களைச் சந்தாவுக்கு விற்பவர்கள் பயன்படுத்தும் ஒன்லிஃபேன்ஸ் தளம், வங்கிகளின் அழுத்தத்தைக் காரணம் காட்டி வெளிப்படையான பாலியல் காட்சிகளைத் தடை செய்வதாக அறிவித்துவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் ஒரு வாரத்துக்குள் பின்வாங்கியது. யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாத சில நிறுவனங்கள், ஒரு மின்னஞ்சலில் ஒரு தொழிலின் நெறிமுறையை மாற்றிவிட முடிகிறது. விதி நல்ல விதி என்பதற்காக அதைப் போட்டவரைக் கேள்வி கேட்காமல் இருக்க முடியுமா?

மருதத்திணை

நம் நாட்டில் இதெல்லாம் குற்றம்தானே. நமக்கு இந்த விவாதம் எதற்கு?

சட்டப்பித்தன்

மருதத்திணை அவர்களே, குற்றம் என்பதாலேயே நமக்கும் இது தேவைப்படுகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவின்படி வெளிப்படையான பாலியல் காட்சிகளை மின்னணு வழியில் வெளியிடுவதும் அனுப்புவதும் முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை சிறை தரக்கூடிய குற்றம். இணையத் தொடருக்கு நடிகை தேவை என்று அழைத்துவரப்பட்டு ஏமாற்றப்படும் ஒரு பெண் இங்கே காவல் நிலையத்துக்குப் போவதற்கு முன், தானும் குற்றவாளி ஆகிவிடுவோமோ என்று அஞ்ச வேண்டியிருக்கிறது. சான் டியேகோவில் 22 பேர் தைரியமாக வழக்கு மன்றம் ஏறியதற்கு, அந்த வேலையே அங்கே குற்றம் இல்லை என்பதும் ஒரு காரணம். படத்தில் நடிக்க வைக்கக் கூலி கொடுப்பது விபசாரத் தரகு ஆகாது என்று கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 1988-இலேயே சொல்லிவிட்டது.

அதே சமயம், செங்காந்தள் பிரித்துக் காட்டிய இரண்டு சம்மதங்களையும் நம் சட்டம் ஓரிடத்தில் மிகத் தெளிவாகப் பிரித்திருக்கிறது. 2013-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354சி பிரிவு சேர்க்கப்பட்டது. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவு. அதன் விளக்கம், படம் பிடிப்பதற்கு ஒரு பெண் சம்மதித்திருந்தாலும், அதை மூன்றாம் நபருக்குப் பரப்புவதற்குச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவது குற்றம் என்கிறது. அந்தரங்கமாக எடுத்ததைப் பரப்பும் காதலனையும் கணவனையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது அது. ஆனால் "டிவிடிக்குச் சம்மதித்தேன், இணையத்துக்கு அல்ல" என்ற அந்தப் பெண்களின் வாக்கியத்துக்கு இவ்வளவு நேராகப் பொருந்தும் ஒரு சட்ட வரியை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

மாற்றுக்கருத்தன் அவர்களுக்கு ஒன்று. மோசடி செய்தவன் சிறைக்குப் போனான், கதை முடிந்தது என்றீர்கள். பிராட்டின் தளம், தன் காணொளிகளை அங்கே வெளியிடும் பங்காளியாகப் போர்ன்ஹப்புடன் இணைந்திருந்தது. வழக்கு நடப்பது ஊரறிந்த பிறகும் அந்தக் காணொளிகளால் பணம் வந்துகொண்டே இருந்தது. போர்ன்ஹப்பின் தாய் நிறுவனமான ஐலோ, 2023 டிசம்பரில் அமெரிக்க அரசு வழக்கறிஞர்களுடன் செய்துகொண்ட உடன்பாட்டில், பிராட்டின் தளத்தின் வழியாக வந்த பணத்தைப் பெற்றதை ஒப்புக்கொண்டு, 18 லட்சம் டாலருக்கு மேல் செலுத்தவும், மூன்றாண்டுகளுக்கு வெளிக் கண்காணிப்பாளரை ஏற்கவும் இசைந்தது. பிராட்டுக்கு 27 ஆண்டு. அவருடைய சரக்கை விற்றுக் கொடுத்தவருக்கு ஒரு தொகையும் ஒரு கண்காணிப்பாளரும். விற்பவர் சம்மதத்தைச் சரிபார்க்கத் தேவையில்லை என்ற நிலை இருக்கும்வரை, தயாரிப்பாளர் ஏமாற்றுவதற்கு ஒரு சந்தை தயாராகவே இருக்கும்.

மாற்றுக்கருத்தன்

விற்பனைத் தளங்களைப் பொறுப்பாக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. எனக்கு நெருடுவது முறிக்கும் உரிமைதான். ஒருவர் பணத்தை வாங்கிக்கொண்டு நடித்துவிட்டு, படம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது காரணமே சொல்லாமல் நிறுத்தலாம் என்றால், அதில் முதலீடு செய்தவரை விடுங்கள், கூட நடித்தவரின் கதி என்ன? அவருக்கும் அந்தப் படம் பிழைப்பு அல்லவா? சம்மதம் என்பது எப்போது வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளக்கூடியது என்றால், அதை விற்கவோ வாங்கவோ எந்த ஒழுங்கான நிறுவனம் முன்வரும்?

செங்காந்தள்

நன்றாக ஓடும் படத்தை ஒரு பெண் எதற்காக நிறுத்தப் போகிறாள் என்று முதலில் கேளுங்கள். வேலை தேடும் இடத்தில் எவரோ அடையாளம் கண்டிருப்பார்கள். அல்லது பிள்ளையின் பள்ளி வரை அது எட்டியிருக்கும். விளையாட்டாகச் செய்யும் காரியம் அல்ல அது. முதலீட்டாளரின் அபாயத்தைப் பற்றிக் கவலைப்படும் நாம், அந்தப் பெண் இதுவரை தனியாகவே சுமந்து வந்த அபாயத்தை வணிகக் கணக்கில் சேர்த்ததே இல்லை. ஒரு பங்கை அந்தப் பக்கமும் நகர்த்தினால் என்ன?

ஒசாகாவில் ஒருவன்

மாற்றுக்கருத்தன் கேட்டது நடைமுறைக் கேள்வி என்பதால் நடைமுறைப் பதில் ஒன்று தரலாம். ஜப்பானியச் சட்டத்தில் முறிப்பவரிடம் நட்டஈடு கேட்க முடியாதே தவிர, இரு தரப்பும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்பதால், வாங்கிய ஊதியத்தை அவர் திருப்பித் தர வேண்டும். பணமும் வேண்டும், படமும் நிற்க வேண்டும் என்பதற்கு அங்கே வழியில்லை. உண்மையில் எதிர்த்திசையில்தான் எனக்குக் கவலை: ஊதியத்தை ஏற்கெனவே வீட்டு வாடகைக்குச் செலவழித்துவிட்ட பெண்ணுக்கு, அந்தத் திருப்பித் தரும் கடமையே முறிப்பதற்குத் தடையாகலாம்.

கூட நடித்தவரின் ஒப்பந்தம் தனி. ஒருவர் முறித்ததால் மற்றவருக்குக் கொடுத்த ஊதியம் திரும்பக் கேட்கப்படாது. நட்டம் தயாரிப்பாளருக்குத்தான். அவர் அதைத் தவிர்க்க விரும்பினால், வாய்ப்பு ஒன்று அவர் கையிலேயே இருக்கிறது. முறித்துவிடக்கூடும் என்று தோன்றும் தயக்கமுள்ள பெண்ணை, ஆசை காட்டி வழிக்குக் கொண்டுவராமல், தொடக்கத்திலேயே அனுப்பி வைத்துவிடலாம். சான் டியேகோவில் தயங்கிய பெண்ணிடம் பேசிச் சம்மதிக்க வைக்கக் கூலிக்கு ஆள் வைத்திருந்தார்கள். இங்கே தயங்குபவரைச் சேர்த்துக்கொள்வது இப்போது நட்டக் கணக்கு.

முறிக்கும் காலம் ஓராண்டு போதுமா என்பதில் எனக்கும் தெளிவில்லை. படம் அடையாளம் காணப்படுவது பெரும்பாலும் திருமணம், வேலை மாற்றம் போன்ற தருணங்களில். அவை ஓராண்டுக்குள் வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வேறு நாடுகளில் பதிப்புரிமையோ தரவுப் பாதுகாப்புச் சட்டமோ கொண்டு இதைவிட நீண்ட காலம் பெற்ற வழக்கு எதையாவது யாராவது படித்திருந்தால் இங்கே எழுதுங்கள்.